முழுகாமல் இருந்தவளும் காலிக் கட்டமும்

ஜெர்மனியில் ஒரு கிளினிக்கின் காத்திருப்பு அறைக்குள் நுழைகிறவர், அங்கே இருக்கும் எல்லோருக்கும் பொதுவாக ‘குட்டன் டாக்’ சொல்ல வேண்டும். இருப்பவர்களும் பதிலுக்குச் சொல்வார்கள். அத்தோடு சரி, பெயர் கூப்பிடும்வரை ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். நெய்வேலிப் பக்கத்து எங்கள் மந்தாரக்குப்பத்தில் நேர்மாறு. யாரும் வணக்கம் சொல்ல மாட்டார்கள். ஐந்து நிமிடத்தில் உங்கள் மூலவியாதி பெஞ்சு முழுக்கத் தெரிந்துவிடும். லைப்சிக் நகரத்தில் முழங்கால் வலியோடு உட்கார்ந்திருந்த எனக்கு அந்தப் பெஞ்சே தேவலை என்று தோன்றியது. மடியில் ஒரு படிவம். ‘நிரந்தர முகவரி’ மட்டும் காலி. “நம்ம வீட்டு அட்ரஸ எழுதுப்பா” என்று சொல்லிவிட்டு மகள் கவிதா வேலைக்குப் போய்விட்டாள். இங்கேயே இருந்துவிடு என்று அவள் ஆறு மாதமாகக் கேட்கிறாள். நான் ஆறு மாதமாக முழங்காலைப் பற்றிப் பேசுகிறேன்.

நெய்வேலியில் ஒரு மருத்துவமனை அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் படிவம் பார்த்தவன் நான். காலிக் கட்டத்தோடு வந்த தாள் எதையும் மேலே போக விட்டதில்லை. முதுகுக்குப் பின்னால் எனக்கு வைத்த பெயரே ‘கட்டம்’. ஓய்வுபெறும் வருடத்தில் ஜெர்மனியோடு மருத்துவ மாணவர் பரிமாற்றம் என்று ஒன்று வந்தது. அவர்கள் ஊர் மாணவி எங்கள் பக்கத்துக் கிராமக் கிளினிக்குக்கு. எங்கள் பிள்ளை அவர்கள் நகரத்துப் பெரிய மருத்துவமனைக்கு. விதிப்படி இரண்டும் அவரவர் இடம் திரும்ப வேண்டும். அவர்கள் அனுப்பிய லேனா திரும்பினாள். நாங்கள் அனுப்பிய கவிதா, படிப்பை முடித்த கையோடு மறுபடி விமானம் ஏறியவள்தான். பரிமாற்றத்தில் திரும்பாத பொருளுக்கு எந்தப் படிவமும் கிடையாது. தேடிப் பார்த்துவிட்டேன்.

லேனா மூன்று மாதம் தமிழ் படித்துவிட்டு முத்தாண்டிக்குப்பத்துக் கிராமக் கிளினிக்கில் வந்து உட்கார்ந்தாள். ஸ்கூட்டரிலிருந்து விழுந்து இடுப்பில் அடிபட்ட செல்வியை அவள் மாமியார் அழைத்து வந்தார். “ரெண்டு மாசமா முழுவாம இருக்குதும்மா, பாத்து வைத்தியம் பண்ணு” என்றார். லேனா அகராதியைப் புரட்டினாள். முழுகுதல் என்றால் நீராடுதல். இடுப்புக்கு எக்ஸ்ரே எழுதி, ‘இரண்டு மாதமாகக் குளிக்கவில்லை, குளிக்க அறிவுறுத்தப்பட்டது’ என்ற குறிப்போடு எங்களிடம் அனுப்பிவிட்டாள்.

தாள் என் மேஜைக்கு வருவதற்குள் செல்வியை எக்ஸ்ரே அறைக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். ‘கர்ப்பமா’ என்ற கட்டம் காலி. திருப்பி அனுப்பப் பேனாவை எடுத்தபோதுதான் குறிப்பைப் படித்தேன். எங்கள் பக்கம் முழுகாமல் இருக்கிறாள் என்றால் கர்ப்பம். பணிக்காலத்தில் நான் ஓடியது அன்றைக்கு மட்டும்தான்.

“நிறுத்துய்யா!”

டெக்னீஷியன் பொத்தானிலிருந்து கையை எடுத்தார். “இன்னா சார், கையெழுத்து இல்லியா?”

“வயித்துல புள்ள இருக்குய்யா!”

வெளியே மாமியார் தனிக் கச்சேரி நடத்திக்கொண்டிருந்தார். “குளிச்சிட்டு வரணுமாம்! எங்க வூட்ல தண்ணி இல்லன்னு நெனச்சிகினு இருக்குதா அந்த வெள்ளக்காரப் பொண்ணு?”

விஷயம் தெரிந்து அழுதுகொண்டு ஓடிவந்த லேனாவிடம் சொன்னேன்: “குளிக்காதவங்க எங்க ஊர்லயும் உண்டும்மா. ஆனா மாமியாரு அத சந்தோஷமா சொல்ல மாட்டாங்க. இனிமே எந்தக் கட்டத்தையும் காலியா விடாத.” செல்விக்குப் பெண் பிறந்தது. மாமியார் கங்கா என்று பெயர் வைத்தார். தண்ணீர் விஷயத்தில் அவருக்கு ஆறவே இல்லை.

இப்போது லேனா இந்த லைப்சிக் கிளினிக்கில் டாக்டர். கதவைத் திறந்து, “இன்னா சார், குளிச்சிட்டு வந்தீங்களா?” என்றாள். அறையே நிமிர்ந்து பார்த்தது. படிவத்தை வாங்கினாள்.

“ஒரு கட்டம் காலியா இருக்குதுங்களே. விடக்கூடாதுன்னு சொன்னவரு நீங்கதான?”

குவார்ட்டர்ஸ் சாவியை ஓய்வுபெற்றதும் கொடுத்தாயிற்று. மிச்சமிருப்பது மந்தாரக்குப்பத்தில் பூட்டிக் கிடக்கும் வாடகை வீடு. பேனாவை நீட்டினாள், அதையே எழுதினேன். இவர்கள் படிவத்தில் எழுத்துக்கு ஒரு சதுரம். மந்தாரக்குப்பத்துக்கு ஆங்கிலத்தில் பதின்மூன்று எழுத்து, இவர்கள் ஒதுக்கியது பத்து. மிஞ்சிய ‘பம்’மை அடுத்த வரியில் போட்டேன். அது அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் வரி, கவிதாவின் பெயர் ஏற்கெனவே அதில் இருந்தது. என் அவசரங்களுக்கு இனி ‘கவிதாபம்’ என்ற ஒருத்தி வருவாள்.

லேனா அந்த வரியில் விரல் வைத்தாள். “இது செல்லாதுங்க சார்.”

“தெரியும்மா.”

“இப்பிடித் தாளு வந்தா நீங்க இன்னா பண்ணுவீங்க?”

“திருப்பி அனுப்பிடுவேன்.”

“எங்க சார்?” என்றாள்.