படத்தில் கேட்காத குரல்

கன்சாஸில் உள்ள எங்கள் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் எஸ்ரா பிக்கெட் ஐந்தாம் ஆண்டு வீரன். வயது இருபத்து மூன்றுதான். ஆனால் அணியில் அவனுக்கு வழங்கிய பெயர் ‘கிழவன்’. ஆர்கன்சாவில் பள்ளிச் சமையலறையில் வேலை செய்யும் தாயின் மகன். உதவித்தொகை ஏதுமின்றி, எவரும் வரலாம் என்று அறிவித்த தேர்வில் ஓடிக்காட்டிச் சேர்ந்தவன். முதல் இரண்டு ஆண்டுகள் பயிற்சியில் அடி வாங்கியதோடு சரி. ஓர் ஆட்டத்திலும் இறங்கவில்லை. மூன்றாம் ஆண்டில் உதவித்தொகையும் சேஃப்டி என்னும் இடமும் கிடைத்தன. தற்காப்பில் எல்லாருக்கும் பின்னால் நின்று, நீண்ட எறிகளுக்குக் கடைசிப் பொறுப்பேற்கும் இடம் அது.

இந்த ஆகஸ்டில் அந்த இடம் ஆட்டம் கண்டது. வேறு கல்லூரியிலிருந்து வந்த டேவியன் ஹால், நாற்பது கெஜத்தை எஸ்ராவைவிடக் கால் நொடி முன்னதாக ஓடி முடித்தான். எஸ்ராவுக்கு மிஞ்சியிருந்ததோ இந்த ஒரே பருவம்.

பின்வரிசை வீரர்கள் ஒன்பது பேரையும் மதிப்பிடுவது என் பொறுப்பு. புள்ளியியல் முதுகலை படிக்கும் எனக்கு அணி அளித்த பகுதிநேர வேலை. முதல் வாரப் பயிற்சிப் படங்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, ஒவ்வோர் அசைவுக்கும் சரி, தவறு எனக் குறித்தேன். எஸ்ராவுக்கு நூற்றுக்கு அறுபத்தொன்று. டேவியனுக்கு எண்பத்து நான்கு.

பயிற்சியாளர் ஸ்ட்ரவுட் தாளை மடித்தார். “அப்ப சரி. சனிக்கிழமை ஒத்திகை ஆட்டத்துல ஹாலை முதல்ல இறக்குறேன்.”

செய்தி உடைமாற்றும் அறைக்கு எனக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது.

“கிழவா, பெஞ்சுல உனக்கு ஒரு தலகாணி போட்டு வைக்கவா?” என்றான் டேவியன்.

“போடுடா. நீ மூச்சு வாங்கிட்டு வந்து விழறப்ப உதவும்,” என்று கணுக்காலில் கட்டுச் சுற்றியபடியே சொன்னான் எஸ்ரா.

சனிக்கிழமை முதல் அரைமணியில் மூன்று நீண்ட எறிகள் எங்கள் பின்வரிசையைத் தாண்டிப் போயின. மூன்றிலும் இரண்டு பேர் ஒரே ஆளைத் துரத்த, இன்னோர் ஆள் தனியே ஓடினான். டேவியன் எல்லாரையும்விட வேகமாகத்தான் ஓடினான். ஆனால் எந்தப் பக்கம் என்று தெரிவதற்குள் பந்து போய்விட்டது.

“யாராவது வாயத் திறங்கடா!” என்று ஓரக்காவல் வீரன் கார்வர் கத்தினான்.

ஸ்ட்ரவுட் எஸ்ராவை அனுப்பினார். அன்றுதான் நான் முதன்முறையாக மைதான ஓரத்தில் நின்று பார்த்தேன்.

“கார்வர்! அவன் உள்ள ஒட்டி நிக்கிறான் பாரு! வெளிய ஓடுவான், வெளிய!” என்று எதிரே பந்து பிடிக்க நின்றவனைக் காட்டிக் கத்தினான் எஸ்ரா.

பந்து அசையும் முன்பே கார்வர் ஓரடி வெளியே நகர்ந்தான். எறி அங்கேயே வந்தது, தட்டிவிட்டான். என் கணக்கில் அது கார்வருக்கு ஒரு ‘சரி’, எஸ்ராவுக்கு ஒன்றுமில்லை. எங்கள் படங்களில் ஒலி இல்லை. தலைக்கவசக் கம்பிகளுக்குப் பின்னால் வாயசைவும் தெரியாது.

ஞாயிறு முழுவதும் அதே படங்களை மறுபடி பார்த்தேன். இம்முறை மற்றவர்களின் தலைகளைக் கவனித்தேன். எஸ்ரா நின்ற நூற்றுப் பன்னிரண்டு முறைகளில் எண்பத்தேழு முறை, பந்து அசையும் முன் அவர்கள் அவன் பக்கம் திரும்பி, உடனே இடம் மாறியிருந்தார்கள். டேவியன் நின்றபோது ஒன்பது முறைதான். இதைத் தனி நிரலாகச் சேர்த்து, ‘முதல் மதிப்பெண் பாதி வேலையை மட்டுமே அளந்தது’ என்று கீழே எழுதினேன்.

ஸ்ட்ரவுட் இரண்டு முறை படித்தார். “இத ஏன் முன்னாடியே குடுக்கல?”

“படத்துல சத்தம் இல்ல, கோச்.”

“படத்துக்கு இல்ல சரி. எனக்குக் காது இருந்துச்சே,” என்று தன்னையே நொந்துகொண்டார்.

திங்கட்கிழமை ஒட்டிய பட்டியலில் சேஃப்டி இடத்தில் எஸ்ராவின் பெயர் இருந்தது. படித்துவிட்டு, டிக்கெட் தரும் பெண் இருந்த அலுவலகச் சாளரத்துக்கு நேரே போனான்.

“முதல் ஆட்டத்துக்கு எங்கம்மாவுக்கு ஒரு டிக்கெட் வேணும்மா,” என்றான். “நல்லா உசர வரிசையா பாத்துக் குடுங்க. நான் கத்துறதுல கெட்ட வார்த்தை நிறைய வரும்.”