குளியலறைக்கு ஒரு தெளிவுரை

“இல்லத்தில் தங்கியுள்ள மாற்றுத்திறனாளிப் பெண்களைக் குளிப்பாட்டுதல், உடை மாற்றுதல் ஆகிய பணிகளைப் பெண் உதவியாளரே செய்ய வேண்டும்; உதவி பெறுபவரின் சம்மதம் அவசியம்.” எங்கள் இல்லத்தின் நடைமுறை விதி இது. முதல் பாதியை வைத்து எல்லோரும் சண்டை போட்டார்கள். இரண்டாம் பாதியை யாரும் படிக்கவில்லை.

ராமநாதபுரத்தில் அந்த இல்லத்துக்கு நான் கண்காணிப்பாளராக இருந்த கடைசி ஆண்டு. தங்கச்சிமடத்து ஆரோக்கியமேரிக்கு மீன் வண்டி கவிழ்ந்ததிலிருந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லை. தையலில் அவரை மிஞ்ச ஆளில்லை. அவரைக் குளிப்பாட்டி வந்த ஆயா ஓய்வு பெற, அந்த இடத்துக்கு ரம்யா வந்தார். ஆர்.எஸ்.மங்கலத்துக்காரர். திருநங்கை, அடையாள அட்டையில் பெண். வேலையில் குறை சொல்ல முடியாது.

மேரி என்னை அழைத்தார். “சார், அந்தப் புள்ள நல்ல புள்ள. சக்கர வண்டி தள்ளட்டும், சோறு போடட்டும். குளிக்க மட்டும் வேற ஆளு குடுங்க. கூச்சமா இருக்கு.”

வாசலில் நின்ற ரம்யாவுக்குக் கேட்டுவிட்டது. “என்னையும் ஒரு தங்கச்சியாப் பாப்பீகன்னு நெனச்சேன்க்கா.”

“பாக்கத்தான் செய்றேன் தாயி. ஒடம்பு ஒத்துக்கிற மாட்டேங்குதே.”

சமையலறைக் காளியம்மாள் காலையில் மேரியைக் குளிப்பாட்டுவது, அந்நேரம் ரம்யா சமையலறையைப் பார்ப்பது என்று ஓர் ஆணை தயாரித்தேன். காளியம்மாள் சிரித்தார். “நாலு செம்புத் தண்ணி ஊத்துறதுக்கா சார் ஆர்டரு?”

அதற்குள் மதுரையிலிருந்து திருநங்கையர் உரிமைக்காக உழைக்கும் ஓர் அம்மா வந்தார். “இன்னைக்குக் குளியலறை வேணாம்பீங்க. நாளைக்குச் சமையலறையும் வேணாம்பீங்க. ஒவ்வொரு வாசலாத்தானே சார் எங்கள வெளிய தள்ளுனாங்க?”

அதில் பொய்யில்லை. “மேரியையும் ஒரு வார்த்தை கேளுங்கம்மா” என்றேன்.

“அவங்களுக்குப் புரிய வைக்கணும் சார்.”

மேரிக்குப் புரியாதது எதுவும் இல்லை.

மேலதிகாரி பயந்துவிட்டார். “நமக்கு எதுக்குய்யா வம்பு? விதிக்கு என்ன அர்த்தம்னு தெளிவுரை கேட்டு மேல எழுதுங்க.” தெளிவுரை கேட்ட விஷயத்தில் பதில் வரும்வரை ஒரு துரும்பையும் நகர்த்தக் கூடாது என்பது எங்கள் துறையின் பழக்கம். என் ஆணை மேசைக்குள் போனது.

மேரி கை எட்டியவரை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டார். முதுகு எட்டவில்லை.

“எங்க ஊர்ல கடக்கரை மணலத் தோண்டுனா நல்ல தண்ணி ஊறும் சார். அம்மா செரட்டையால மோந்து முதுகுல ஊத்தும். ஒரு தடவ அப்பிடி விழுந்தாப் போதும்.”

கடைசியில் மேரியின் தங்கை வந்து அழைத்துப் போனார். தையல் மெஷின் இங்கேயே நின்றது.

“அங்கன மணல்ல வண்டி உருளாதே மேரி?”

“உருளாது சார். முதுகு தேய்க்க ஆளிருக்கு.”

வேன்வரை வண்டியைத் தள்ளியது ரம்யாதான். நழுவிய செருப்பை எடுத்து மாட்டிவிட்டார். மேரி அவர் கன்னத்தைத் தொட்டார்.

ரம்யா பெண் என்பதை மறுக்காமலே, மேரிக்கு வேண்டாம் என்று சொல்லும் உரிமையைத் தந்திருக்கலாம். இரண்டும் ஒரே ஆணையில் அடங்கியிருக்கும். புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்: மேலே எழுதிக் கேட்குமுன், யாருடைய உடம்போ அவரைக் கேளுங்கள்.

தெளிவுரையில் ஒரே வரி இருந்தது: “விதிப்படி உரிய நடவடிக்கை எடுக்கவும்.” அது வந்து சேர்ந்தது பெரிய வியாழனன்று, இயேசு சீடர்களின் பாதம் கழுவியதை நினைத்து மேரியின் ஊர்க் கோவிலில் பாதிரியார் ஊராரின் பாதம் கழுவும் நாள்.