மண்ணீரல் இல்லாத அண்ணி

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் என் அண்ணிக்குக் ‘காய்ச்சல் மகாராணி’ என்று பட்டப்பெயர். ஹேவாஹெட்டைத் தேயிலைத் தோட்டத்தில் விறகுக் கட்டோடு சறுக்கி விழுந்து, வயிற்றுக்குள் இரத்தம் கசிந்ததால், பேராதனை ஆஸ்பத்திரியில் அவளுடைய மண்ணீரலை எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னதை நானும் பக்கத்தில் நின்று கேட்டேன். மற்றவர்களுக்குச் சளியோடு போய்விடுகிற கிருமி இவளுக்கு நெஞ்சில் இறங்கி, இரத்தத்திலும் பரவிவிடலாம். தடுப்பூசி போட்டிருந்தாலும், காய்ச்சல் நடுக்கம் என்றால் உடனே வந்துவிட வேண்டும்.

அண்ணி அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். அண்ணனின் பீடி அன்றைக்கே வாசலுக்கு வெளியே போனது. இருமிக்கொண்டு யார் வந்தாலும் வெளியில் நிற்க வைத்துத்தான் பேச்சு. உடம்பு லேசாகச் சுட்டாலும் சேலையை மாற்றிக்கொண்டு பஸ் ஏறிவிடுவாள். சில தடவை வெறும் தடிமன், சளிதான் என்று திருப்பி அனுப்பினார்கள். லயமே சிரித்தது, அவளும் சேர்ந்து சிரித்தாள். நானாக இருந்தால் வெட்கத்தில் அடுத்த முறை போயிருக்க மாட்டேன்.

டாக்டர் சொன்ன அந்தக் காய்ச்சல் அவள் மகளின் கல்யாணத்தன்று காலையில் வந்தது. மண்டபத்தில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். அண்ணியின் கையிலிருந்த தாம்பாளம் கிடுகிடுவென்று ஆடியது. தொட்டுப் பார்த்தேன், உடம்பு கொதித்தது.

“ரெண்டு காய்ச்சக் குளிசயப் போட்டுக்கிட்டு உக்காருங்க. தாலி கட்டுற நேரத்துல தாயி எந்திரிச்சிப் போனா நல்லாவா இருக்கும்?” என்றார் மாப்பிள்ளையின் பெரியம்மா.

“போகாதீங்கம்மா” என்று மகள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அண்ணிக்கும் கண் நிறைந்துவிட்டது.

“நா இல்லாட்டியும் ஒனக்குத் தாலி ஏறும்டி. அதுக்கப்புறம் அம்மா வேணுமில்ல?”

கையை விடுவித்துக்கொண்டு எழுந்தாள். “ஆட்டோ கூப்புடு தங்கச்சி” என்றாள் என்னிடம். பின்னால் முணுமுணுத்தவர்களைப் பார்த்து ஒரு கத்துக் கத்திவிட்டுத்தான் நானும் ஏறினேன். எப்பேர்ப்பட்ட நெஞ்சழுத்தம் இவளுக்கு என்று வழியெல்லாம் வியந்துகொண்டிருந்தேன்.

வழியில் கலஹாவைத் தாண்டுவதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் பெயர் கேட்ட தாதியிடம், பெயருக்கு முன்னால், “எனக்கு மண்ணீரல் இல்ல” என்றாள். அதைக் கேட்டதும் எல்லோரும் ஓடி வந்தார்கள். உடனே ஊசியில் மருந்து ஏற்றினார்கள். நெஞ்சைப் படம் பிடித்துப் பார்த்துவிட்டு நியூமோனியா என்றார் டாக்டர். தாலி கட்டும்வரை பொறுத்திருந்தால் காப்பாற்றியிருப்பது கஷ்டம் என்றும் சொன்னார்.

பின்னேரம் மாலையும் கழுத்துமாக மகளும் மாப்பிள்ளையும் வார்டுக்குள் வந்து நின்றார்கள். நேரே மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் விளக்கேற்றியிருக்க வேண்டியவர்கள். அண்ணி மூச்சுக்கு வைத்திருந்த முகமூடியைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு அதட்டினாள்.

“வெளக்கேத்தாம இங்க எதுக்குடி வந்தீங்க?”

மகள் அவள் கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

“நீங்க இருக்கீங்களான்னு பாக்க வந்தேம்மா.”

“இருக்கேன்டி. இருக்கத்தானே எந்திரிச்சி வந்தேன்” என்றாள் அண்ணி.