ஆறு மாச அச்சும் பத்து வருஷ அச்சும்

சைக்கிளில் ஏதோ கோளாறு என்று முதலில் சொன்னது என் மனைவிதான். எங்களுடையது இரண்டு பேர் சேர்ந்து மிதிக்கும் நீளமான சைக்கிள். கோவளத்தில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரத் தம்பதி ஊர் திரும்பும்போது எங்களுக்கு விற்றுவிட்டுப் போனது. முன்னால் நான், பின்னால் அவள். ஓரங்களிலிருந்து பார்வை சுருங்கிக்கொண்டே வரும் நோய் அவளுக்கு. மருந்து கிடையாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அவள் ஸ்கூட்டர் ஓட்டுவது நின்றது. சாலைக் கடைத்தெருவுக்குத் தனியாகப் போவதும் நின்றது. ஞாயிற்றுக்கிழமை காலையில் விழிஞ்ஞம் வரைக்கும் மிதித்துப் போய்வருவது ஒன்றுதான் மிச்சம். வாரம் முழுக்க அதற்காகவே காத்திருப்பாள்.

“காலுக்கு அடியில என்னமோ கடிக்குது. மணல் மாதிரி,” என்றாள்.

“உனக்கு எல்லாந்தான் கடிக்கும். பேசாம மிதி,” என்றேன். நான் அப்படித்தான். ஆரியசாலையில் என் கடையில் மிளகாய் மூட்டைகளுக்கு நடுவில் நின்று முப்பது வருஷம் கத்திய வாய், வீட்டுக்கு வந்தால் மட்டும் தேனா ஒழுகும்?

இரண்டு வாரத்தில் பின்பெடல் இப்படியும் அப்படியுமாக ஆடத் தொடங்கியது. பழவங்காடிப் பக்கம் எங்களுக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் இருக்கிறார், நாகர்கோவில்காரர். அவளையும் கூட்டிக்கொண்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு போனேன். அவர் கழற்றிச் சாய்த்ததும் உள்ளேயிருந்து பழுப்பு நிறத்தில் தண்ணீர் வந்தது.

“அண்ணாச்சி, இத எப்படிக் கழுவுதிய?” என்று கேட்டார்.

நான் பெருமையாகத்தான் சொன்னேன். வெள்ளிக்கிழமைதோறும் கடை வண்டி, ஸ்கூட்டர், சைக்கிள் எல்லாவற்றையும் ஹோஸ் பைப்பால் அடித்துக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, சாம்பிராணி காட்டிய பிறகுதான் கடை திறப்பது எங்கள் வழக்கம். சைக்கிள் அவளுக்கானது என்பதால் அதற்குக் கவனிப்பு கொஞ்சம் கூடுதல். இண்டு இடுக்கெல்லாம் விட்டுப் பீய்ச்சுவேன்.

“கும்பிட்டுக் கும்பிட்டே கொன்னுருக்கிய,” என்றார் அவர், சிரிக்காமல். “பி.பி. ஆக்சில் இந்தா கெடக்கு. உள்ள சுத்துற இரும்புக் குண்டு ஒண்ணுகூட உருண்டையா இல்ல, எல்லாம் துரு.”

இரண்டு பக்கத்துப் பெடலையும் கோத்து நிற்கும் குறுக்கு அச்சைத்தான் அப்படிச் சொல்வார்கள். இந்த சைக்கிளில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. நான் மிதிக்கிற பலமும் சங்கிலி வழியாகப் பின்னால்தான் போய்ச் சேரும் என்பதால், இரண்டு பேருடைய பாரமும் பின்னச்சின் தலையில்தான். என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு மானம் போயிற்று.

அவர் இரண்டு வழி சொன்னார். “பாரம் ஏத்துற சைக்கிளுக்குப் போடுற ஆக்சில் ஒண்ணு கைவசம் இருக்கு. கொஞ்சம் ராவி இப்பவே மாட்டித் தாரேன். ஆறு மாசம் ஓடும். இல்லன்னா, தண்ணியே உள்ள போகாதபடி அடைச்சு வாறது ஒண்ணு உண்டு. பத்து வருஷத்துக்குத் திரும்பிப் பாக்க வேண்டாம். இந்த நீளத்துக்கு வெளியூர்ல இருந்து வரணும். எப்ப வரும்னு மட்டும் எங்கிட்ட கேக்காதிய.”

“ஆறு மாசம் மதி, அது போதும்,” என்றாள் அவள், பாதி மலையாளத்தில். “இன்னைக்கே போடச் சொல்லுங்க.”

கேட்டேனா? “ஆறு மாசத்துக்கு ஒருக்க இதுக்குப் பின்னால அலைய என்னால ஆகாது. வாங்குறத ஒரே தடவையா உருப்படியா வாங்குவோம். உனக்கு ஒண்ணும் தெரியாது.”

உண்மையைச் சொல்கிறேன், அலைச்சல் ஒரு சாக்குதான். பத்து வருஷம் என்று அவர் சொன்னது என் காதில் இனித்தது. பத்து வருஷ அச்சைப் போட்டுவிட்டால் அவளும் பத்து வருஷம் பின்னால் உட்கார்ந்து வருவாள் என்று ஒரு கிறுக்கு நினைப்பு. அதையே வரவழைக்கச் சொல்லி, சைக்கிளை மெக்கானிக்கிடமே விட்டுவிட்டு வந்தோம். அப்போது வைகாசி மாதம்.

ஐந்து வாரம் கழித்து ஒன்று வந்தது. நீளம் குறைவு, மாட்டினால் பெடல் கை சட்டத்தில் உரசியது. திருப்பி அனுப்பினோம். அனுப்பியவர்களை போனில் கிழிகிழி என்று கிழித்தேன். அதனால் சாமான் ஒரு நாள்கூட முன்னதாக வந்துவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் “வந்துச்சா?” என்று கேட்பாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். அடுக்களைக்குச் சுவரைத் தடவிக்கொண்டு போனாள். ஒரு நாள் காபியைத் தம்ளருக்கு வெளியே ஊற்றினாள். நான் பார்த்தும் பாராதவன் மாதிரி இருந்தேன்.

ஓணம் முடிந்த பிறகுதான் சரியானது வந்தது. மெக்கானிக் மாட்டிவிட்டுப் பெடலை ஒரு சுண்டு சுண்டினார். சத்தமே இல்லாமல் சுற்றியது. நல்ல சாமான், அதில் குறை சொல்ல முடியாது.

அந்த ஞாயிறு புறப்பட்டோம். மணக்காடு தாண்டுவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. அவள் கால் பெடலோடு சுற்றிக்கொண்டிருந்தது, ஆனால் அழுத்தம் இல்லை. நான் திரும்பும் பக்கமெல்லாம் அவள் எதிர்ப்பக்கம் சாய்ந்தாள். இரண்டு தடவை விழப் பார்த்தோம்.

“என்ன செய்யுற நீ?” என்று கத்தினேன்.

“நிறுத்துங்க.”

சீட்டைப் பிடித்துக்கொண்டே இறங்கினாள். அழவில்லை. குரல்கூட மாறவில்லை.

“முன்னெல்லாம் நடுவுல மட்டும் கொஞ்சம் தெரியும். அதுல உங்க முதுகு இருக்கும். அது எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கம் நானும் சாய்வேன். அதப் பாத்துக்கிட்டேதான் விழிஞ்ஞம் வரைக்கும் வருவேன். இப்ப அது இல்ல.”

“எப்பத்துல இருந்து?”

“ஓணத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி.”

நான் அங்கேயே நின்றேன். அவள் பார்வையை எந்த மெக்கானிக்காலும் நிறுத்தியிருக்க முடியாது, அது எனக்குத் தெரியும். ஆனால் அன்று அந்த ஆறு மாச அச்சைப் போடவிட்டிருந்தால், ஓணம் வரைக்கும் ஒவ்வொரு ஞாயிறும் அவள் என் முதுகைப் பார்த்துக்கொண்டு வந்திருப்பாள்.