சேவியர் அண்ணன் இல்லையென்ற அழைப்பு

சேவியர் அண்ணன் காலமான செய்தி எங்கள் பழைய ஊழியர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது நான் பத்து பாகாட் நகரச் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். “யாரையும் கைவிடாத மனிதர்” என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்கு மேல் படிக்காமல் கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டேன். அடக்கத்துக்குப் போனேன். இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள், மறுத்துவிட்டேன். அங்கே சொல்லாததை, அவரை அறிந்த உங்களுக்கு இங்கே எழுதுகிறேன்.

மருத்துவமனையின் மருந்து ஸ்டோரில் நானும் அவரும் ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். மருந்து கொண்டுவரும் வேலையை வெளி நிறுவனங்களுக்குக் குத்தகைக்கு விட்டபின், ஒவ்வொரு மருத்துவமனையும் லோரிக்காரர்களோடு தனித்தனியாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. பிறகு எல்லா லோரிகளையும் ஒரே இடத்திலிருந்து ஒருங்கிணைக்க ஜொகூர் பாருவில் ஒரு மையம் திறந்தார்கள். அதற்குப் பொறுப்பாளராகப் போனவர் அண்ணன். லோரிகள் புள்ளிகளாக நகரும் திரையைக் காட்டி, “திரையில ஓடுற ஒவ்வொரு புள்ளிக்கும் யாரோ ஒருத்தர் படுக்கையில காத்துக்கிட்டு இருக்காங்க” என்பார். அதை அவர் மனதாரச் சொன்னார் என்றுதான் இன்றும் நம்புகிறேன்.

ஒரு வெள்ளத்தின்போது எங்களுக்கு வரவேண்டிய டயாலிசிஸ் திரவம் பாதி வழியில் நின்றுவிட்டது. ஓட்டுநர் திரும்பிப் போகிறேன் என்றார். அதே திரவத்தோடு, போதிய கையிருப்பு உள்ள வேறொரு மருத்துவமனைக்குப் போய்க்கொண்டிருந்த லோரியை அண்ணன் எங்கள் பக்கம் திருப்பினார். சிம்பாங் ரெங்கம் அவர் பிறந்த ஊர். அந்தச் சுற்றுவட்டாரத் தோட்டச் சாலைகள் அவருக்கு அத்துப்படி. ஒரு காதில் அந்த லோரியின் ஓட்டுநர், மறு காதில் நான். “தேவி, லைன்ல இருங்கலா, வைக்காதீங்க. லோரி உங்க கேட்டுக்குள்ள வர்ற வரைக்கும் நான் எழுந்திரிக்க மாட்டேன்.” மதியம் லோரி வந்தது. அன்று எவருக்கும் சிகிச்சை நிற்கவில்லை.

அந்தக் குரலை நம்பித்தான் இன்சுலின் பெட்டியை வாங்கியதாகக் கையெழுத்துப் போட்டேன்.

குளிரூட்டி பழுதான லோரியில் வந்த பெட்டி அது. வெப்பமானி சிவப்புக் காட்டியது. திருப்பி அனுப்புவதே விதி. அண்ணனை அழைத்தேன். “இப்பதான் அந்தக் கம்பெனிக்குக் குத்தகையப் புதுப்பிக்கச் சொல்லி எழுதிக் குடுத்திருக்கேன்மா. திருப்பி அனுப்பினா பெரிய பிரச்சினையாயிடும். வாங்கித் தனியா வைங்க, மாத்துச் சரக்கு நாளைக்கே வரும். நான் பாத்துக்கிறேன்.”

வாங்கித் தனியாக வைத்தேன். பயன்படுத்தக் கூடாது என்று மேலே எழுதி ஒட்டவில்லை. அது என் தவறு. மாற்றுச் சரக்கு வரவில்லை. நான் விடுப்பில் இருந்த நாளில் பெட்டி வார்டுக்குப் போய்விட்டது. ஊசி போட்டும் ஒரு பெண்ணுக்குச் சர்க்கரை இறங்காமல் தீவிர சிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார்.

விசாரணையில் என் தவறை ஒப்புக்கொண்டேன். அண்ணனிடம் கேட்டுத்தான் வாங்கினேன் என்றும் சொன்னேன். எதிர் நாற்காலியில் இருந்த அவர் என்னைப் பார்க்காமலே சொன்னார்: “அப்படி எந்தப் போன் காலும் எனக்கு வரலை.” என் தரப்புக்குச் சாட்சி இல்லை. ஸ்டோர் பொறுப்பிலிருந்து என்னை எடுத்துக் கோப்பு அறையில் போட்டார்கள். ஐந்து வருடம். அவருக்குப் பதவி உயர்ந்தது.

அவர் ஓய்வு பெற்றபின் ஒருமுறை என் வீட்டுக்கு வந்தார். பழம் வாங்கி வந்திருந்தார். பிள்ளைகளைப் பற்றி, முழங்கால் வலியைப் பற்றியெல்லாம் பேசினார். கிளம்பும்போது நானே கேட்டேன். “ஏன் அண்ணே அப்படிச் சொன்னீங்க?”

“அப்ப வேற வழி தெரியலைமா” என்றார்.

“சரி. எங்கிட்டயாவது தனியா வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். காரில் ஏறிப் போய்விட்டார். அதன்பின் அவரை நான் சவப்பெட்டிக்குள்தான் பார்த்தேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம். மறுபடி ஸ்டோருக்கு வந்தபின், “வாங்கலாமாக்கா?” என்று போனில் கேட்ட ஒவ்வொருவருக்கும் பதிலை எழுத்தில் அனுப்பினேன். கீழே என் முழுப்பெயரையும் போட்டேன். வேலையின் கடைசி நாள்வரை ஒருமுறைகூடத் தவறவில்லை. அதற்காக அவருக்கு நன்றி சொல்ல மட்டும் எனக்கு இன்னும் மனம் வரவில்லை.