மாவுக்கட்டுக்குள் ஒரு கால்

சீழ் வைத்த எலும்புக்குத் தாயாக இருப்பது முழுநேர உத்தியோகம். லீவு கிடையாது, ராஜினாமாவும் செல்லாது. கான்வென்டில் எனக்கு லேஸ் பின்னவும் பியானோ வாசிக்கவும் சொல்லித்தந்தார்கள்; இதைச் சொல்லித்தரவில்லை. இதே உத்தியோகத்தில் அகப்பட்ட சகோதரிகளே, கேளுங்கள்.

கிருமியின் பிரயாணம்

என் மகள் சிசிலிக்கு ஐந்து வயது. ஒரு நாள் கொதிக்கிற காய்ச்சல். முழங்காலுக்குக் கீழே தொட்டால் அலறல். சுளுக்கு என்று முடிவு கட்டி, குமணன்சாவடியிலிருந்து ஆள் வரவழைத்து விளக்கெண்ணெய் போட்டு உருவினோம். கால் பூசணியாய் வீங்கியது. முதுகில் இருந்த கொப்புளத்துக் கிருமி ரத்தத்தோடு போய்க் கால் எலும்பில் சீழ் வைத்திருக்கிறது என்றார் பட்டணத்து டாக்டர். என் மாமியார் நம்பவில்லை.

"முதுகுல கீறது காலுக்கு எப்டிடி வரும்? ரயில் புடிச்சா வந்துச்சு?"

ஜன்னல்

"எலும்பில் ஜன்னல் வெட்டிச் சீழை வெளியே விடணும். அப்பவும் அடங்கலைன்னா காலையே எடுக்க வேண்டி வரும்" என்றார் டாக்டர். எனக்கு ஜபம்கூட மறந்துபோயிற்று. என் கணவர் ஆவடியில் பட்டாளத்துக்குக் கொட்டகை கட்டும் ஓவர்சியர். பயம் வந்தால் அவருக்குத் தொழில் பேச்சுதான் வரும்.

"ஒண்ணு போதுமா சார்? எதிர்ப்பக்கமும் ஒரு ஜன்னல் வெச்சா காத்து நல்லா வருமே!"

வாசனை

ஆபரேஷன் முடிந்து, புண்ணுக்கு மேலேயே மாவுக்கட்டு. உள்ளே கசியும், நாறும், ஆனால் வாரக்கணக்கில் திறக்கவே கூடாது, திறந்தால் புதுக் கிருமி ஏறும் என்பது உத்தரவு. நாறியது! தெருவே மூக்கைப் பொத்தியது. மாமியார் அரிவாளோடு கட்டைப் பிரிக்க வந்தார். குறுக்கே விழுந்து தடுத்தேன். தடுத்தேனே தவிர, உள்ளே கால் அழுகுகிறதோ என்று நானும் ராத்திரியெல்லாம் அவள் கால் விரல்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். பிரிக்க வேண்டிய நாளில் பெட்ரோல் பஞ்சத்தில் கரிப்புகையில் ஓடிய பஸ் மக்கர் பண்ண, பூந்தமல்லியில் ஜட்கா பிடித்தோம். கொஞ்ச தூரத்திலேயே வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"கருவாடு ஏத்திகினு வர்றதுன்னா முன்னாடியே சொல்றதில்லையா யம்மா? குதிரை மூஞ்ச திருப்பிகினு கீது பாரு!"

பாகப்பிரிவினை

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டை வெட்டியதும் நர்ஸ் பின்வாங்கினாள். டாக்டரோ பிரியாணிச் சட்டியைத் திறந்தவர்போல் ஆசையாகக் குனிந்தார். இடுக்கியில் செத்த எலும்புச் சில்லு ஒன்று, உடைந்த கொட்டாங்கச்சிபோல் வந்தது. அடியில் ரோஜா நிறத்தில் புதுச் சதை. "கால்...?" என்றேன்.

"எங்களுக்கு இந்தச் சில்லு போதும்மா. மிச்சக் காலை உங்க பொண்ணே வெச்சுக்கட்டும்."

காய்ச்சல் வந்து அதே இடம் வலித்தால் உடனே ஓடி வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர்; அவள் ஓடி விளையாடுகிறாள், நான் அவள் காலைத் தொட்டுப் பார்க்கப் பின்னாலேயே ஓடுகிறேன்.