கற்பூரமும் அமெரிக்கக் காரும்

அந்தக் காரில் ஏறுவதற்கு நாங்கள் ரயிலில் போனோம். புறநகர் செவ்ரானில் இருந்து தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் வரை என் மகள் பட்டுப்பாவாடை கசங்கிவிடும் என்று உட்காராமலே வந்தாள். நான் அவளுடைய குழந்தை இருக்கையைக் கட்டிப்பிடித்தபடி நின்றேன். காரில் சிறு பிள்ளைகளை உயர்த்தி இருத்துவதற்கான பிளாஸ்டிக் இருக்கை அது. அதை ரயிலில் தூக்கிக்கொண்டு போனால் ஆட்கள் என்ன நினைப்பார்கள் என்று முதல் நாளே யோசித்திருந்தேன். யோசித்துவிட்டுத்தான் தூக்கினேன்.

மகளுக்கு ஐந்து வயது. கார் என் கணவரின் அண்ணனுடையது. அவரை நான் அத்தான் என்று கூப்பிடுவேன். பூசை முடிந்ததும் காரில் முதல் ஏறுவது வீட்டுப் பெண்பிள்ளையாக இருக்கவேண்டும் என்று அத்தான் சொல்லிவிட்டார். அவருக்கு இருப்பவர்கள் ஆண்பிள்ளைகள். ஆகவே என் மகள்.

இங்கே பெண்பிள்ளை பெரியவளானதற்குச் செய்யும் சாமத்தியச் சடங்கு என்றால் பெண் மண்டப வாசலில் எதில் வந்து இறங்குகிறாள் என்பதை எல்லோரும் பார்ப்பார்கள். குதிரை வண்டி பழசாகிவிட்டது. நீளமான வெள்ளைக் கார்களும் அலுத்துவிட்டன. யாரிடமும் இல்லாத ஒன்றைக் கொண்டுவந்து சடங்குகளுக்கு வாடகைக்கு விடவேண்டும் என்பது அத்தானின் கனவு. அது எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு வயதான பிரெஞ்சுக்காரரின் கொட்டிலில் தார்ப்பாய்க்குக் கீழே கிடந்தது. அமெரிக்காவில் வசதியானவர்களுக்கென்று செய்த ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கைகள். என் கணவருக்கு இருக்கும் வயதுதான் அதற்கும். மேற்கூரை துணி, பொத்தானை அழுத்தினால் தானாக மடிந்து பின்பக்கம் போய் ஒளிந்துகொள்ளும் என்று அந்த மனிதர் சொன்னாராம். அன்று அழுத்தியபோது ஒன்றும் நடக்கவில்லை. இருக்கைக்குள் எலி குட்டி போட்டிருந்தது.

இன்னொரு புறநகரான ஸ்தேனில் வாடகைக்கு எடுத்த காராஜில் அண்ணனும் தம்பியும் தங்கள் ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் அந்தக் காருக்குக் கொடுத்தார்கள். கூரையை மடிக்கும் மோட்டார் அமெரிக்காவில் இருந்து பார்சலில் வந்தது. இருக்கையின் தோலை என் கணவர் கழுவிக் காயவைத்து எண்ணெய் பூசி மறுபடியும் கழுவினார். என்ஜின் முதன்முதல் பற்றி ஓடத் தொடங்கிய அன்று எனக்கு வீடியோ அனுப்பினார். நீலப் புகைக்குள் இருந்து அத்தானின் சிரிப்பு மட்டும் கேட்டது. நான் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். சந்தோஷத்தில் பார்க்கவில்லை. அந்தப் புகை ஏன் அவ்வளவு வருகிறது என்று பார்த்தேன்.

நான் யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் படித்தவள். இங்கே ஓர் அலுவலகத்தில் வேலை. படிப்பினால் எனக்குக் கிடைத்த ஒரே பழக்கம், பயப்படுவதற்கு முன்னால் வாசித்துப் பார்ப்பது. வாசித்தபின் இன்னும் கொஞ்சம் பயப்படுவேன். பழைய கார் வைத்திருப்பவர்கள் எழுதுவதை எல்லாம் தேடி வாசித்தேன். இப்போது விற்கும் பெற்றோலில் அல்ககோல் கலந்திருக்கிறது, பழைய ரப்பர் குழாய்களை அது அரித்து வெடிப்பு விழச்செய்யும் என்று பலர் எழுதியிருந்தார்கள். அன்றிரவே கணவரிடம் கேட்டேன். குழாய்கள் மாற்றியாகிவிட்டது, அண்ணை எல்லாம் பார்த்தவர் என்றார். எந்தக் குழாய், எத்தனை குழாய் என்று கேள்வி வாய்வரை வந்தது. கேட்கவில்லை.

அந்த வீட்டில் எனக்கு ஒரு பட்டப்பெயர் இருக்கிறது. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது மூச்சு ஒரு மாதிரி வருகிறது என்று அவசர உதவிக்குப் போன் செய்தேன். வந்தவர்கள் குழந்தைக்கு வெறும் தடிமன், மூக்கடைப்புத்தான் என்றுவிட்டுப் போனார்கள். அதிலிருந்து அத்தானுக்கு நான் ‘அம்புலன்ஸ்’. நல்ல மனதோடுதான் சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒன்றைக் கேட்பதற்கு முன்னால் இது அம்புலன்ஸ் கேள்வியா, நியாயமான கேள்வியா என்று நான் எனக்குள்ளே ஒரு விசாரணை நடத்தவேண்டியிருந்தது.

கோயில் வாசலில் காரை நிறுத்த இடம் கிடைக்காது. அதனால் ரூ பிலிப்-து-ஜிரார் என்ற தெருவில் அத்தானின் சிநேகிதர் நடத்தும் மரக்கறிக் கடைக்கு முன்னால் நிறுத்தியிருந்தார்கள். கோயில் ஐயரே அங்கே நடந்து வந்திருந்தார். கூரை மடிந்து, அரக்குச் சிவப்பில் அந்தக் கார் தெருவின் பாதியைப் பிடித்துக்கொண்டு நின்றது. கடைக்காரர்கள் வெளியே வந்து போன்களைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். நேரில் பார்த்தபோது அது உண்மையிலேயே அழகாக இருந்தது. என் கணவர் காரைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தலையாட்டினேன். அவருக்கு அது போதுமாயிருந்தது.

“அம்புலன்ஸ் கதிரையோடை வந்திட்டா,” என்றார் அத்தான். “தலைக்கவசம் கொண்டுவரேல்லையோ பிள்ளை?”

கூடி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரித்துக்கொண்டே இருக்கையைக் காருக்குள் வைத்து, மகளைத் தூக்கி இருத்தி, பெல்ட்டைப் போட்டேன். பூசைக்கு முதலே இருத்திவிட்டால் படம் எடுக்க வசதியாக இருக்கும், முடிந்ததும் அப்படியே ஒரு சுற்றுப் போகலாம் என்று அத்தான் சொல்லியிருந்தார். என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. சூடான என்ஜினை நிறுத்தினால் மறுபடி பற்ற நேரமெடுக்கும், எல்லோருக்கும் முன்னால் அந்தரமாய், வெட்கமாய்ப் போய்விடும் என்பது அவருடைய பயம். அவருக்கும் பயங்கள் இருந்தன. அவற்றுக்குப் பட்டப்பெயர் இல்லை, அவ்வளவுதான்.

ஐயர் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். என்ஜின் மூடிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். சில்லுகளுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அப்போதுதான் மணம் வந்தது.

பெற்றோல் மணம். இருக்காது என்று உடனே நினைத்தேன். பக்கத்தில் ஸ்கூட்டர்கள் போகின்றன. பழைய கார் என்றால் கொஞ்சம் மணக்கும். வாகனப் பரிசோதனை நிலையத்தில் போன மாதம்தான் பார்த்துச் சரி என்று தாள் கொடுத்தார்கள். மகள் மூக்கைச் சுளித்து, மணக்கிறது என்று பிரெஞ்சில் சொன்னாள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு எல்லாம்தான் மணக்கும், சாம்பார் கூட மணக்கும்.

குனிந்து பார்த்தேன். முன்சில்லுக்குப் பின்னால் தெருவில் ஈரம். மஞ்சள் தண்ணீராக இருக்கலாம். விரலால் தொட்டு மணந்து பார்த்தேன். ரயிலால் இறங்கியதும் கைக்குக் கிருமிநாசினி பூசியிருந்தேன். அதுவும் மூக்கில் ஏறியது. எது எது என்று பிரிக்க முடியவில்லை. நான் குனிந்திருந்தபோதே அந்த ஈரத்தில் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று.

நிமிர்ந்தபோது ஐயர் தேங்காயின் மேல் கற்பூரத்தை வைத்துக்கொண்டிருந்தார். அதைப் பற்றவைத்து, காரை மூன்று முறை சுற்றி, முன்னால் உடைப்பது வழக்கம். என் கணவரின் கையைப் பிடித்து, கீழே ஒழுகுகிறது, ஒருக்காப் பாருங்கள் என்று மெல்லச் சொன்னேன். பூசை முடியட்டும், நல்ல நேரம் போய்க்கொண்டிருக்கிறது என்று அவரும் மெல்லச் சொன்னார். கண்கள் அண்ணன் பக்கம் இருந்தன. அண்ணன் கைகூப்பி நின்றார்.

எனக்கும் அந்தக் கட்டுப்பாடு தெரியாமல் இல்லை. ஒரு புதுக் காரியம் தொடங்கும் இடத்தில் எரியும், போகும், உடையும் என்ற சொற்களை வாயில் எடுப்பதில்லை. எடுத்தால் பிறகு அந்தக் காருக்கு என்ன நடந்தாலும் அது என் வாயால் நடந்ததாக இருக்கும். ஒரு சில்லுக் காற்றுப் போனாலும் நான்தான். இதையெல்லாம் நான் மூடநம்பிக்கை என்று நினைப்பவள். ஆனாலும் நாக்கு எழவில்லை.

பேசாமல் பிள்ளையை மட்டும் இறக்கிவிடலாம் என்று நினைத்தேன். கதவைத் திறந்து பெல்ட்டின் பொத்தானை அழுத்தினேன். அது உள்ளே போனது, பிடி விடவில்லை. மறுபடி அழுத்தினேன். பெருவிரலால், பிறகு இரண்டு விரல்களாலும். மகள் அது விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். பட்டுப்பாவாடை என் கைக்குள் வழுக்கியது. பின்னால் தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது.

“ஐயா, நிப்பாட்டுங்கோ,” என்றேன். “கிட்ட வராதேங்கோ. பெற்றோல் ஒழுகுது.”

என் குரல் நான் நினைத்ததைவிட உரத்து வந்தது. தெரு அமைதியானது போல இருந்தது. உண்மையில் என்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கற்பூரம் பற்றியிருந்தது. ஐயர் தேங்காயை உள்ளங்கையில் வைத்தபடி அசையாமல் நின்றார்.

“நல்ல நேரத்திலை என்ன கதை இது?” என்றார் அத்தான். சிரிப்பில்லை. “வாயை வைக்காதையும் பிள்ளை. நீங்கள் சுத்துங்கோ ஐயா.”

ஐயர் அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். திரும்பித் தெருவைக் கடந்து, எதிர்ப்பக்கத்து நடைபாதையில் போய் நின்றுகொண்டார். எரியும் தேங்காயோடு அவர் ஒதுங்கிப் போனதைக் கண்டு ஒரு பேருந்து வேறு நின்றுவிட்டது.

நான் மகளுக்கு மேலாகச் சரிந்து, மறுபக்கத்தில் இருந்த சாவியைத் திருப்பினேன். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. எந்தப் பக்கம் திருப்பவேண்டும் என்றும் நிச்சயமாகத் தெரியாது. என்ஜின் ஒரு முறை குலுங்கி நின்றது. அத்தானின் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது, அடிபட்டவர் போல.

பெல்ட் இன்னும் விடவில்லை. என் கணவர் என்னை விலக்கிவிட்டுப் பொத்தானை அழுத்தினார், இழுத்தார், கையால் குத்தினார். பிறகு மரக்கறிக் கடைக்காரரைப் பார்த்துக் கையை நீட்டினார். வாழைக்குலை வெட்டும் கத்தியைக் கடைக்காரர் கொடுத்தார். அந்தக் காருக்கு அளவான பெல்ட் தேடிப் பல மாதம் அலைந்தவர் என் கணவர்தான். பிள்ளையின் வயிற்றுக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் தன் இடக்கையை நுழைத்துக்கொண்டு அதை அறுத்தார். அறுபடும்வரை நான் அவளுடைய முகத்தை என் பக்கம் திருப்பி வைத்திருந்தேன். வெளியே வந்ததும்தான் அவள் அழத் தொடங்கினாள். சுற்றுப் போகாமல் இறக்கிவிட்டதற்காக அழுதாள்.

நான் அவளைத் தூக்கிக்கொண்டு தெரு மூலைவரை போனேன். அங்கிருந்து பார்த்துக்கொண்டு நின்றேன். கற்பூரம் தானாக எரிந்து முடியும்வரை ஐயர் எதிர்ப்பக்கத்திலேயே நின்றார். அதன்பிறகுதான் அண்ணனும் தம்பியும் என்ஜின் மூடியைத் திறந்தார்கள். நெடுநேரம் இருவரும் உள்ளே தலையை விட்டபடி நின்றார்கள்.

அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதைக் கணவர் பிறகுதான் சொன்னார். பெற்றோல் தாங்கிப் பக்கத்துக் குழாய்களை எல்லாம் அத்தான் மாற்றியிருந்தார். என்ஜினுக்குப் பின்னால், கைபோகாத இடத்தில் ஒரு சாண் குழாய் பழையதாகவே இருந்தது. அதைத் தம்பி மாற்றியிருப்பான் என்று அண்ணன் நினைத்திருக்கிறார். அண்ணை மாற்றியிருப்பார் என்று தம்பி நினைத்திருக்கிறார். “மாத்தினீங்களோ எண்டு கேக்க உங்களுக்கு என்ன?” என்று நான் கேட்டேன். “அண்ணையை எப்பிடி அப்பிடிக் கேக்கிறது?” என்றார். அண்ணன் பார்த்த வேலையைத் தம்பி சரிபார்த்தால், சரியில்லை என்று சொன்ன மாதிரி ஆகிவிடுமாம். எனக்குக் கோபம் வந்தது. குழாய்களின் எண்ணிக்கையைக் கேட்க வாயெடுத்துக் கேட்காமல் விட்ட நானும் அதே வீட்டில்தான் இருக்கிறேன் என்பது நினைவுக்கு வந்து அடங்கியது.

அன்று காரைக் கையால் தள்ளிக்கொண்டு போய் ஒரு முற்றத்தில் விட்டார்கள். அடுத்த சனிக்கிழமைச் சடங்குக்குக் கார் தருவதாகச் சொல்லியிருந்த பெண்ணின் அப்பாவுக்கு அத்தான் அங்கேயே போன் செய்தார். அமெரிக்காவில் இருந்து ஒரு சாமான் வரப் பிந்துகிறது என்றார். நான் பக்கத்தில் நிற்பது தெரிந்துதான் சொன்னார். நான் வேறெங்கோ பார்த்தேன். போகும்போது அவர் என் மகளின் தலையில் கைவைத்து நின்றார், கொஞ்சம் அதிகமான நேரம்.

நான் அன்றைக்குக் கத்தியிராவிட்டால் ஏதாவது நடந்திருக்குமா என்று எனக்கு இன்னும் தெரியாது. ஒரு கற்பூரச் சுடர், சில சொட்டுகள், திறந்த தெரு, காற்று. நடக்காமலே போயிருக்கவும் கூடும். இதை வாசித்துப் பார்த்துத் தீர்க்கலாம்தான். இந்த ஒன்றை மட்டும் நான் தேடி வாசிக்கவில்லை.

சில வாரங்கள் கழித்து ஒரு ஞாயிறு, கார் தயார் என்று அத்தான் சொல்லி அனுப்பினார். முதல் தடவையாக நானும் ஸ்தேன் காராஜுக்குப் போனேன். மகளை வாசல் கேற்றுக்கு வெளியே, என் கையை விடாமல் நிறுத்தியிருந்தேன். அவள் இழுத்துக்கொண்டே இருந்தாள். புதுக் குழாய் போட்டாயிற்று, இந்த முறை ஒவ்வொன்றையும் நானே பார்த்துவிட்டேன் என்று அத்தான் சொன்னார். என் கணவர் தலையாட்டினார். வழக்கமாக அதோடு முடிந்துவிடும். அவர் காரைச் சுற்றி ஒரு தரம் நடந்துவிட்டு நின்றார்.

“அண்ணை, நானும் ஒருக்காப் பாக்கிறன்,” என்றார்.

என் கணவர் காது சிவந்துபோய், கீழே ஒரு அட்டைப்பெட்டி மட்டையை விரித்து, முதுகில் படுத்துக் காருக்குக் கீழே போனார். இடுப்புக்குக் கீழே மட்டும் தெரிந்தது. உள்ளே இருட்டாக இருக்கிறது என்று கீழேயிருந்து குரல் வந்தது. அத்தான் சுவரில் தொங்கிய ரோர்ச் லைற்றை எடுத்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குந்தி, தம்பி சொன்ன இடத்துக்கு வெளிச்சத்தைப் பிடித்தார்.

“இன்னும் கொஞ்சம் இஞ்சாலை,” என்றது குரல். அவர் கையை நகர்த்தினார்.